ஒரு குரல் போதும் என்றீர்கள்

இன்று காலை உங்கள் ஆம்பிளிஃபயரை விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தார். வால்வுகள் சூடேறி, மேலே படிந்திருந்த தூசி கருகும் அந்த வாசனை கூடத்தில் எழுந்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் இப்படி! எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. அவரோ, "ஏக்தம் சாலிட் பீஸ், மாமி!" என்று புகழ்ந்துகொண்டிருந்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், சீமைக்குத் திரும்பவிருந்த உங்கள் பம்பாய் ஆபீஸ் துரையிடமிருந்து அதை வாங்கினீர்கள். அத்தனை கனத்தையும் டாக்சியில் மடிமேல் வைத்துக்கொண்டு மாட்டுங்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். பெற்ற பெண்ணைக்கூட நீங்கள் அப்படி மடியில் வைத்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஸ்பீக்கருக்கு அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி. சிநேகிதர்கள் யாராவது ஸ்டீரியோ என்று ஆரம்பித்தால், "ரெண்டு பக்கத்துலேர்ந்து எதுக்குக் கத்தணும்? ஒரு குரல் போறும்" என்பீர்கள்.

அந்த ஒரு குரல் என்னுடையதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், மே மாத வெக்கையிலும் ஃபேனை நிறுத்துவீர்கள். அதன் இரைச்சல் பாட்டைக் கெடுத்துவிடுமாம். இசைத்தட்டில் ஓர் அம்மாள் தோடி பாடுவாள், உங்களுக்குக் கண் கலங்கும். அதே தோடியை அடுப்படியில் நான் மெல்ல இழுத்தால், "ஷ்! அங்க என்ன சத்தம்?" சத்தமாம்! பெண் பார்க்க வந்த அன்று என்னைக் கல்யாணி பாடச் சொல்லி, போதாதென்று இன்னொன்றும் கேட்டது யார்? "குரலுக்காகவே இவளைப் பண்ணிக்கறேன்" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னது யார்?

ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவே கரண்ட் போய்விட்டது. செம்பூரிலிருந்து வரும் உங்கள் சிநேகிதர், பாவம், நல்ல மனுஷர், "மாமி நன்னாப் பாடுவாளாமே! கரண்ட் வர வரைக்கும் ஒண்ணு பாடச் சொல்லுங்கோளேன்" என்றார். நான் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படிவரை வந்துவிட்டேன். என்ன பாடுவது என்றுகூட மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். அப்படி ஓர் ஆசை எனக்கு.

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவளா? இந்தத் தோடியைக் கேட்ட காதாலயா? நன்னாருக்கு!" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்க் காபி கலந்தேன். காபி பிரமாதம் என்று பாராட்டு வேறு கிடைத்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். தாலாட்டுக்குக்கூடத் திறக்கவில்லை. நீங்களும் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கவனித்திருந்தால்தானே கேட்பதற்கு!

ஹமால்கள் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நான் கூடத்து நடுவில் நின்று வாய்விட்டுப் பாடினேன். மேலே போகப் போகக் குரல் பிசிறடித்தது, மூச்சு வாங்கியது. விடவில்லை.

நம் பெண் அறையிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இதே வீட்டில் பிறந்து, இங்கேயே வளர்ந்தவள். அறை வாசலில் நின்று என்னை யாரோ போலப் பார்த்தாள்.

"அம்மா, நீ பாடுவியா?" என்று கேட்டாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியும்" என்றேன்.