மாதுளை கீழே, அன்னாசி மேலே

இரும்புலியூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், எங்களைவிட இந்த வீட்டு எறும்புகள் பரம சுகம், அதற்குக் காரணம் உன் அப்பாதான். மெல்போர்ன் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் சொன்னால் அவர் பாதியில் பிடுங்கித் தன் பெருமையைப் பேசுவார் என்றுதான் எழுதுகிறேன்.

கீழ்க்கட்டளை எத்திராஜ் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள், பையன் உமேஷ் உன் ஊரிலேயே வேலை பார்க்கிறான், லீவில் வந்திருக்கிறான் என்று சொன்னேன், நீயும் பேசிப் பாருங்கள் என்றாய். அன்றே உன் அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்தது. வெளிநாட்டுப் பையனுக்குக் காபி போதாதாம், வெல்கம் டிரிங்க் வேண்டுமாம். செல்போனில் எவனோ தாடிக்காரன் கலக்குவதைப் பார்த்துவிட்டு தாம்பரம் மார்க்கெட்டில் இருந்த அன்னாசியை எல்லாம் அள்ளிவந்தார். கல்யாணமான நாளாக ஒரு டம்ளர் கழுவாத மனுஷன், மூடியைச் சரியாகப் போடாமல் மிக்ஸியை ஓடவிட்டார், இன்னும் ஃபேன் போட்டால் அன்னாசி வாசனை வருகிறது. இத்தனைக்கும் அது சின்ன வேலை. மாதுளையைச் சர்க்கரை போட்டு அடித்து வடிகட்டி கண்ணாடி டம்ளரின் அடியில் ஊற்றி ஐஸ் போட வேண்டும், மேலே அன்னாசிச் சாறும் சாத்துக்குடிச் சாறும் கலந்து கரண்டியின் முதுகில் மெதுவாக விட வேண்டும், கடைசியில் கொஞ்சம் சோடா. கீழே சிவப்பு, மேலே மஞ்சள். இதற்கு என்னை மூச்சுகூட விடக்கூடாது என்றார், கலர் கலங்கிவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எத்திராஜ் ஒரே மூச்சில் முதல் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "சூப்பரா கீதும்மா, இன்னொன்னு குடுங்க" என்றார். எந்தக் கடை என்று அவர் மனைவி கேட்டாள். கடை இல்லைங்க, இவரே செஞ்சது என்றேன். அவ்வளவுதான், எத்திராஜ் முகம் மாறிவிட்டது. "இன்னா சார், ஆம்பளை கிச்சன்ல நின்னுகினு ஜூஸ் போடுவீங்களா? அப்ப உங்க பொண்ணு எங்க பையனை தோசை ஊத்த வெச்சிடுமே. கல்யாணத்துக்கு அப்பால வேலைய வுட்டுட்டு வூட்ட பாத்துகினா போதும், அதுக்குத்தான் கேக்க வந்தோம்" என்றார். அடுப்படிக்கு வழி தெரியாத உன் அப்பாவுக்குக் கிடைத்த பட்டத்தைப் பார். பையன் வாயே திறக்கவில்லை, ஐஸைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எழுந்தது உன் அப்பா, எவன் எது சொன்னாலும் தலையாட்டுகிற அதே அப்பா. எத்திராஜ் பாதி குடித்திருந்த இரண்டாவது டம்ளரை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, "இது ஆம்பளை போட்டது சார், நீங்க குடிக்க வேணாம். என் பொண்ணு வேலையை விடாது" என்று சொல்லி எல்லா டம்ளரையும் தட்டில் அடுக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார். அந்த ஆளின் கை டம்ளர் பிடித்த வாக்கிலேயே அந்தரத்தில் நின்றது. நான் போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.

நேற்று உமேஷ் போன் செய்தான். மன்னிப்புக் கேட்க என்று நினைத்தாயா, அந்த ஜூஸை எப்படிச் செய்வது என்று கேட்க. இவரும் மாதுளையை முதல்ல ஊத்தணும் தம்பி என்று ஆரம்பித்துவிட்டார். போனைப் பிடுங்கி, அன்னிக்கு ஏன் பேசலை என்று கேட்டேன். அப்பா பேசும்போது குறுக்கே பேசினால் அவருக்குப் பிடிக்காது ஆன்ட்டி என்றான். அப்ப ஜூஸையும் அவரையே போடச் சொல்லுப்பா என்று வைத்துவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டோம். உன் அப்பா, அவசரப்பட்டேனோ, ஓவியா கோபிப்பாளோ என்று துடைத்த மிக்ஸியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. இது கைக்கு வந்ததும் முதலில் அவருக்குப் போன் செய், சரியாகத்தான் செய்தீர்கள் அப்பா என்று உன் வாயால் சொல். நோய் நொடி அண்டாமல், எவருக்கும் பணிந்து போகாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ரோஹிணி துரைராஜ்