ஹோல்ட் சுவரில் ஒட்டிய முகம்

ஒக்டோபர் 14, திங்கள்

விடியும் முன்பே மழை. காலில் இரண்டு அட்டை. கொடகவெல பஸ் வரவில்லை, தையல் கடைக்கு லேட்டு.

பஸ் நிற்கும் ஹோல்டில் நான் மட்டும். யுத்தத்தில் செத்த மகன் நினைவாக, பக்கத்துச் சிங்கள ஊர் சோமாவதி அம்மா கட்டியது. சுவரில் அவன் படம், ஆமி உடுப்போடு. பின்னால் ரப்பர் மரங்கள், இலையில் மழைச் சத்தம். மனசு அடங்குகிற இடம் எனக்கு இது ஒன்றுதான். என் தம்பி செல்வத்தை அதே யுத்தத்தில் கொழும்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். செத்தானா என்றே யாரும் சொல்லவில்லை, படத்துக்கு மாலை போடவும் வழியில்லை. அதனால் இந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்று அவன் முகத்தின் மேல் தேர்தல் போஸ்டர். யாரோ ஒரு ஐயா, கும்பிட்டுச் சிரிக்கிறார். கீழே வெற்றிலை எச்சில். சீ.

ஒக்டோபர் 15, செவ்வாய்

புருஷன் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைக் கொண்டுபோய்ப் போஸ்டரைச் சுரண்டினேன். ஓட்டோக்காரன் ஒருத்தன் நிறுத்தினான். தமிழ்ப் பொம்பளை, கையில் கத்தி, ஆமிக்காரன் படம். வேறென்ன நினைப்பான்? பொலிசுக்கு அடிக்கப் போனை எடுத்துவிட்டான். சிங்களத்தில் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அதற்குள் சோமாவதி அம்மா வந்தார்.

"மம தமயி கிவ்வே" என்றார். நான்தான் சுரண்டச் சொன்னேன் என்று. சொல்லவே இல்லை, சுத்தப் பொய். அவன் போய்விட்டான்.

மிச்சத்தை இரண்டு பேருமாக உரித்தோம். பையனின் கன்னம் கொஞ்சம் தாளோடு வந்துவிட்டது. அந்தத் துண்டை அம்மா ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஒக்டோபர் 18, வெள்ளி

நல்ல வெயில். வாங்க: பருப்பு, நெருப்புப்பெட்டி, ஊசி நூல்.

ஹோல்டில் மறுபடி போஸ்டர். இந்த முறை தமிழில். நம்ம தோட்டத்துச் சங்கத் தலைவர், அதே கும்பிடு, அதே இளிப்பு. யார் ஒட்டியது தெரியுமா மகளே என்று அம்மா கேட்டார். தெரியாது என்றேன். அப்போது தெரியாதுதான்.

வீட்டுக்கு வந்தால், எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் பசை வாளி. இவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆமிக்காரன் மூஞ்சிதானே புள்ள. நம்மளுக்கு என்ன?"

செல்வத்தைத் தேடி என்னோடு பொலிஸ் பொலிசாக அலைந்த மனுஷன். அழுத மனுஷன்.

சோறு போட்டேன். அந்தக் கையால் பிசைந்து சாப்பிட்டார்.

நாளைக்கு அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும். சிங்களத்தில் புருஷனை மஹத்தயா, ஐயா என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை.