மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வந்ததாம்

பங்குனி 18, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று மட்டும். வாளியை ஓரமாக வைத்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன்.

இன்று: ராசம்மா ரவிக்கை இரண்டு. டீச்சர் சுடிதார். ஊசி, கறுப்பு நூல் வாங்க. கோகிலா வீட்டுக்குப் போன்.

கோகிலாவுக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. தலைப்பிரசவம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பரமத்தி வேலூர் போய், விருந்து போட்டு, மகளை இங்கே அழைத்துவர வேண்டும். எங்கள் பக்கத்து முறை அது. நாள் குறிக்கலாம் என்று சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“ஏனுங்க சம்மந்தி, உங்க ஊர்ல இப்பத் தண்ணி வருதுங்களா?”

“இல்லீங்க.” பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அப்ப வேண்டாமுங்க. தண்ணி இல்லாத ஊட்டுல பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணுவீங்க? இங்கயே பாத்துக்கறோமுங்க.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆற்றோரத்து வீடு, வாழையும் வெற்றிலையுமாகத் தண்ணீரிலேயே புழங்குகிறவர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் துணி அலசவே எத்தனை குடம் வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் பெற்ற மகளை வீட்டுக்குக் கூப்பிட நான் குழாயைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சுடிதாருக்குக் கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டேன்.

பங்குனி 19, புதன்

ஆத்திரம் அடங்கவில்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. பழனியப்பன்தான் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். முன்பெல்லாம் பள்ளத்துத் தெருக்களின் வால்வை மூடிவிட்டு எங்களுக்கு முதலில் விடுவான். நாங்கள் பிடித்து முடித்ததும் பள்ளத்துக்கு. ‘மேட்டுக்கு முந்தி, பள்ளத்துக்குப் பிந்தி.’ பள்ளத்துக்காரர்கள் ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

தை பிறந்ததும் புதுத் திட்டம் வந்தது. தானாகத் திறந்து தானாக மூடுகிற வால்வு. தெருவுக்குத் தெரு அளவு பார்க்கிற கருவி. எல்லாம் நாமக்கல்லில் ஒரு திரையில் தெரியுமாம். திறப்பு விழா மேடையில் ஓர் அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இனிமேல் மேடு பள்ளம் என்ற பேதமே கிடையாது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர்” என்றார். நல்ல கைதட்டல்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறந்தால் பள்ளத்துக்காரர் குளிக்கலாம், மேட்டுக்காரர் வேடிக்கை பார்க்கலாம். சமமாகத் திறப்பதும் சமமாகக் கொடுப்பதும் ஒன்றா? இதைக் கேட்க அங்கே ஒருத்தருக்கும் வாய் இல்லையா? இத்தனை படித்தவர்கள், இத்தனை பணம், ஏற்றம் இறக்கம் தெரியாத ஒரு திட்டம்!

கருவியை எங்கே வைத்தார்கள் என்றால், எங்கள் தெருவின் அடிமுனையில், முதல் வீட்டுக்கு முன்னால். அந்த வீட்டுக்குத் தண்ணீர் வரும். அங்கே வந்தால் தெரு முழுக்க வந்ததாகக் கணக்கு. திரையில் எங்கள் தெரு பச்சை.

சாயங்காலம் பழனியப்பனை டீக்கடையில் பிடித்தேன்.

“என்ற கையில ஒண்ணுமே இல்லீங்கக்கா. பழைய வால்வுப் பொட்டியப் பூட்டிச் சாவியக் கொண்டு போயிட்டாங்க. தொட்டா வேல போயிருமுங்க.”

“வாயத் தொறந்து சொல்லலாமல்ல?”

“சொன்னேனுங்க. பச்சையாத்தான காட்டுது, உனக்கு என்னய்யான்னு கேக்கறாங்க.”

போனை எடுத்து எனக்கே காட்டினான். எங்கள் தெரு பச்சைப் பசேலென்று இருந்தது. அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமை வேறு. விடியலில் எழுந்து ஓட வேண்டாம் இல்லையா.

பங்குனி 21, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. தலைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை, சாமி பொறுத்துக்கொள்ளும்.

கோழிப்பண்ணையில் கெஞ்சிக் குடத்தில் பிடித்து வந்தேன். அங்கே கோழிக்குப் போகிற குழாயை ஒரு ஆள் கடைசிக் கூண்டு வரைக்கும் நடந்து பார்க்கிறான். வெயில் நாளில் தண்ணீர் நின்றால் கோழி செத்துவிடுமாம். மேட்டுத் தெருவின் கடைசி வீடு வரைக்கும் நடக்க அரசாங்கத்தில் ஆள் இல்லை. முட்டை போட்டால் வருவார்களோ என்னவோ.

புகார் எண்ணுக்குப் பேசினேன். மத்தியானமே போனில் பதில்: ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ எவன் தீர்த்தான்? எதைத் தீர்த்தான்? ராசம்மாவிடம் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிட வாய் அதிகம். “தண்ணி வேண்டாமுன்னு நெனச்சுட்டா புகாரும் தீந்துரும் போல” என்றாள்.

அவள்தான் செய்தி கொண்டுவந்தாள். செவ்வாய்க்கிழமை டெல்லிப் பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்களாம், எங்கள் ஊரை ‘மாதிரி கிராமம்’ என்று பார்க்க. சாயங்காலம் தெருப் பெண்களைக் கூட்டினேன். முடிவு செய்தது:

காலிக் குடங்களை வாசலில் வரிசையாக வைப்பது.
வணக்கம், மாலை கிடையாது.
யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதில்லை. கேட்டால் குழாயைக் காட்டுவது.

மூன்றாவது நான் சொன்னது. எல்லாரும் சரி என்றார்கள்.

பங்குனி 25, செவ்வாய்

எழுதவே கூசுகிறது.

உச்சி வெயிலில் வந்தார்கள். வாசலுக்கு வாசல் குடங்கள் கவிழ்த்து வைத்திருந்தோம். காலிக் குடத்தைக் கவிழ்த்துத்தானே வைப்போம்? நம்ம ஊர் அதிகாரி வந்தவர்களிடம் அதைக் காட்டி ஏதோ இந்தியில் சொன்னார். லாரியில் போய் இந்தி பழகிய பழனியப்பன் என் காதில் ஓதினான்: “கழுவிக் கவுத்து வெச்சிருக்காங்க, அத்தன சுத்தமுன்னு சொல்றாருங்கக்கா.”

பேசலாம் என்று ஓர் அடி முன்னால் வைத்தேன். அதற்குள் கூட வந்த ஒன்றிய அலுவலக இஞ்சினியர் பெண் என் வீட்டுப் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கோகிலா வயதுதான் இருக்கும். முகம் வெளுத்து, உதடு காய்ந்து. அவள் தண்ணீர் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வாய் “வாங்க கண்ணு” என்றது, கால் உள்ளே போயிற்று, கை சொம்பை எடுத்தது. விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரில் கடைசியாக மிச்சம் இருந்தது அது.

நான் கொடுத்ததைப் பார்த்து ராசம்மா ஒரு சொம்போடு வந்தாள். எதிர்வீட்டில் மோர். தெரு முழுக்கச் சொம்பு! வெயிலில் வாசலுக்கு வந்தவர்களை நாக்கு வறள நிற்கவைக்க எங்களில் ஒருத்திக்கும் மனசு வரவில்லை. டெல்லிக்காரர்கள் கும்பிட்டுக் கும்பிட்டுக் குடித்தார்கள். எவனோ போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தான்.

ஜீப் போன பிறகு ராசம்மா என்னைப் பார்த்தாள்.

“நல்லா நடத்துனமுங்க போராட்டம்.”

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பங்குனி 26, புதன்

லாரியோடு போன வீட்டுக்காரர் நாக்பூரிலிருந்து போன் செய்தார். லோடு இறக்கத் தாமதமாம். “உன்ற போட்டோ பாத்தேன், சோக்கா இருக்கறயே” என்றார். எந்தப் போட்டோ?

லாரிக்காரர் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. அப்படியானால் ஊரெல்லாம் வந்திருக்கும். நான் சொம்பை நீட்டுகிறேன், அந்தப் பெண் வாங்குகிறாள். கீழே எழுத்து: ‘மேட்டுத் தெருவுக்கும் தடையற்ற குடிநீர். மகிழ்ச்சியில் பயனாளி.’ வெயிலுக்கு முகத்தைச் சுளித்தது அவர்களுக்கு மகிழ்ச்சி!

பத்து மணிக்குச் சம்பந்தியம்மா.

“உங்க மாப்பள போட்டோ காட்டுனானுங்க. சந்தோசமுங்க சம்மந்தி. தண்ணிதான் வந்துருச்சே, வர்ற ஞாயித்துக்கெழம கட்டுச்சோறு வெச்சுக்கலாமுங்க.”

அந்தப் பக்கம் கோகிலா “அம்மா, புளிச்சோறு நெறையாக் கொண்டா” என்று கத்துவது கேட்டது. சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மகள் வந்து, பிள்ளையும் பிறந்து, அப்போது நான் எங்கே போய் நிற்பேன்?

“தண்ணி வரலீங்க சம்மந்தி. அது கேன் தண்ணிங்க.”

சம்பந்தியம்மா குரல் மாறியது.

“போட்டோல நீங்கதான நிக்கறீங்க? அன்னைக்கு இல்லேன்னீங்க. இன்னைக்கு ஊருக்கே தண்ணி குடுக்கறீங்க. புள்ளையக் கூட்டிட்டுப் போக மனசில்லீனா நேராச் சொல்லிருங்க.”

போனை வைத்துவிட்டார். கோகிலா கூப்பிடுவாள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

பங்குனி 27, வியாழன்

ஊராட்சி ஒன்றிய அலுவலகம் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அந்த இஞ்சினியர் பெண்தான் இருந்தாள், எழுந்து நின்று கும்பிட்டாள். நல்ல பெண். நல்ல பெண்ணாக இருந்து என்ன செய்ய?

“உங்க தெரு பச்சையா இருக்குங்கக்கா.”

“பச்சையக் குடிக்க முடியுமா கண்ணு? நீ ஒரு நாள் காலைல வந்து பாரு.”

“பச்சையா இருக்கற தெருவுக்குப் போக எனக்கு அனுமதி தர மாட்டாங்க. செவப்பு காட்டுனாத்தான் போகச் சொல்லுவாங்க.” பக்கத்து மேசைக்காரர் தலையை நீட்டினார்: “ஏனுங்கம்மா, இல்லாதவங்க சொம்பு சொம்பா ஊத்துவாங்களா?”

ஊற்றுவார்கள் ஐயா. வாங்கிக் குடிக்கிறவர்கள்தான் ஊற்றுவார்கள். இதை அங்கேயே சொன்னேன், கத்தியே சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

திரும்பி வந்து கோகிலாவுக்குப் போன். “உன்ற மாமியாரக் கூட்டிட்டு ஞாயித்துக்கெழம விடியக்காலம் வா. தண்ணி உடற நேரத்துக்கு வா. வந்து கண்ணுல பாருங்க” என்றேன். “வாரேன்மா” என்றாள்.

பங்குனி 30, ஞாயிறு

லேசான காற்று. ஆறு மணிக்கெல்லாம் கார் வந்துவிட்டது. கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். முகம் பூரித்திருக்கிறது, கண்ணாலே சுற்றிப் போட்டேன்.

சம்பந்தியம்மா காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகக் குழாய்க்குப் போனார். திறந்தார். புஸ்ஸென்றது. குடத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். ராசம்மா வீட்டுக் குழாயையும் திறந்து பார்த்தார், கடைசி வீடு வரைக்கும் நடந்தார். பழனியப்பன் கூடவே போனைக் காட்டிக்கொண்டு நடந்தான். பச்சை. “கொண்டு போய் ஆத்துல எறி சாமி அத” என்றார்.

திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“தப்பா நெனச்சுட்டேனுங்க சம்மந்தி. மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“பொய் சொல்லாமச் சொன்னீங்க பாருங்க, அது பெருசுங்க.” அப்புறம் கோகிலாவைப் பார்த்து, “ஏறு சாமி, வெயிலுக்கு முந்திப் போயர்லாம்” என்றார்.

கோகிலா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விடவே இல்லை. நான்தான் பிரித்துக் காரில் ஏற்றினேன். சம்பந்தியம்மா கண்ணாடியை இறக்கினார்.

“பிரசவத்தப்ப நீங்களும் வந்து நம்ம ஊட்டுலயே இருங்க சம்மந்தி. எத்தன நாள் வேண்ணாலும் இருங்க. தண்ணிக்குப் பஞ்சமில்லீங்க.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.