பாட்டு முதலில், பாடம் பிறகு

என் பிரியமான கமலம் அக்காவுக்கு,

நம் சங்கீத சபையின் நிர்வாகக் குழு போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, சாப்பாட்டையும் தள்ளிவைத்து, ஆழ்ந்து விவாதித்து, ஒரு வரலாற்று முடிவை எடுத்திருக்கிறது. உன் படத்தை வடக்குச் சுவரில் மாட்டுவதில்லை. கிழக்குச் சுவரில் மாட்டுவது. வடக்குச் சுவர் தலைவரின் தகப்பனாருக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவர் பினாங்கில் நலமாக இருக்கிறார்.

வயலின் வகுப்புக்கு உன் பெயரை வைப்பதென்றும் தீர்மானம். தலைவர் எழுந்து நின்று காரணம் சொன்னார்: "கமலம் அம்மா ஒழுங்குக்கு ஒரு எடுத்துக்காட்டு. எல்லாம் தெரிஞ்சும் மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க." கை தட்டினார்கள். அப்படி ஆரம்பிக்கச் சொன்னது யார் என்பது மட்டும் அந்த அறையில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

எனக்கு வந்தது அக்கா. அன்றைக்கும் குழு உறுப்பினனாக நான் அதே கடைசி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஃபேரர் பார்க் பக்கம் மாடியில் நடந்த அந்த வகுப்பில் நீ சேர்ந்தபோது உன் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற ஆரம்பப் பாடங்கள் எல்லாம் முடிந்த பிறகே பாட்டு என்பது சபையின் சட்டம். வந்த பெண்கள் ஸரிகமவை இழுத்து இழுத்து அலுத்து, ஒவ்வொருவராகத் தையல் வகுப்புக்குப் போனார்கள். அக்காலத்தில் சிங்கப்பூரில் தையல் வெகுவாக வளர்ந்தது.

நீயும் வகுப்பிலிருந்து நின்றுவிட்டாய். ஆனால் வயலினை மூடவில்லை. உங்கள் தஞ்சோங் பகார் குவார்ட்டர்ஸ் வீட்டில், பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டைத் தந்தியில் விரலால் தேடினாய். பக்கத்து வீட்டு ராஜம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏய், இது நம்ம பாட்டாச்சே! எனக்கும் சொல்லிக் குடு லா."

ஒரு மழைக்காலம் முடிவதற்குள் உன் வீட்டு மத்தியானம் பெண்களால் நிறைந்தது. தாலாட்டு, கும்மி, மலாய்க்காரப் பக்கத்து வீட்டில் கேட்ட மெட்டு, எது வாயில் வந்ததோ அது. விரல் தடுக்கும் இடத்தில் அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் பிய்த்தெடுத்து, இரட்டை இரட்டையாக வாசிக்கச் சொல்வாய்.

"இதுதான் ராஜம்மா அந்த ஜண்டை வரிசை. பேரச் சொன்னா நீ ஓடிருவேன்னு சொல்லல."

"அடிப்பாவி, பாகற்காய வெல்லத்துல வச்சுக் குடுத்திட்டியே!"

பயிற்சி என்ற சொல்லை அந்த வீட்டில் யாராவது சொன்னதுண்டா? எனக்கு நினைவில்லை.

உனக்கு இருந்தது ஒரே ஆசை. விஜயதசமியன்று சபை மேடையில் அந்தப் பெண்களோடு உட்கார வேண்டும். அதற்குக் குழுவின் முன் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய், அலங்காரத்தை மெதுவிலிருந்து வேகம்வரை மூன்று காலத்திலும் வாசித்தாய்.

"சுத்தமா இருக்கு," என்றார் வாத்தியார்.

"சுத்தமா இருக்கலாம்," என்றார் செயலாளர். "வரிசைப்படி வந்துச்சா? மொதல்ல என்னம்மா கத்துக்கிட்டீங்க?"

"தாலாட்டு."

"அப்ப இது செல்லாது. எல்லாரும் மறுபடி சரளியிலேர்ந்து வாங்க."

"கத்துக்கிட்டத எங்க சார் கழட்டி வக்கிறது? வாசல்ல செருப்புப் பக்கத்துலயா?" என்றாய். ஒருவரும் சிரிக்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ராஜம்மாவும் மற்றவர்களும் வயலின் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். நீ மட்டும் சபை வகுப்புக்குத் திரும்பிப் போனாய். ஒருத்தி அவர்கள் வரிசையில் தேறிவிட்டால் மற்றவர்களுக்கும் மேடை கிடைக்கும் என்று நம்பினாய். தெரிந்ததைத் தெரியாதவள்போல, மாதக்கணக்கில் ஸரிகம இழுத்தாய். வீட்டில் மத்தியான வாசிப்பு நின்றுபோனது. பிறகு காய்ச்சல் வந்தது, பிறகு ஆஸ்பத்திரி.

போர்வைமேல் உன் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. என்னக்கா வாசிக்கிறே என்றேன்.

"சரளி. மூணாங்காலம் இன்னும் முடியல தம்பி."

"தாலாட்டு வாசியேன்."

"அதுக்கு இன்னும் அனுமதி வரலடா."

சிரித்தபடிதான் சொன்னாய். அது கேலிதானா அக்கா? நான் ஏன் அப்போதே கேட்கவில்லை?

நீ போன பிறகு உன் வயலினை ராஜம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் முதலில் அழுதாள், பிறகு தந்தி துருப்பிடித்திருக்கிறது என்று என்னைத் திட்டினாள். இப்போது பெண்கள் புதன்கிழமைகளில் என் வீட்டுக் கூடத்தில் கூடுகிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. கோப்பி போடத் தெரியும். நான் இருக்கும்வரை அந்தக் கூடத்தில் எதை முதலில் கற்றாய் என்று யாரையும் யாரும் கேட்க மாட்டார்கள். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பெயரிலான வகுப்பும் சென்ற புதன்கிழமை தொடங்கியது. வாத்தியார் ஒரு மணி நேரம் தனியாகக் காத்திருந்துவிட்டு, விளக்கை அணைத்து, சாவியைக் கீழ்க்கடையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உன் கூடப்பிறந்த தம்பி,
சிங்காரம்