கில்பரன் பிரபுவின் வாக்கு

பரமட்டா, சிட்னி
12.3.1972

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகமும் அம்மாவின் சுகமும் அறிய ஆவல். யோகா அக்கா வீட்டு மேலறை பழகிவிட்டது. ரயிலில் பல்கலைக்கழகம் போய்வருகிறேன்.

ஆராய்ச்சிக்கு ஒரு மனிதரைப் பிடித்துவிட்டேன். கில்பரன் பிரபு, இருநூறு வருடங்களுக்கு முந்திய அயர்லாந்துக்காரர். ஆங்கிலேயப் பரம்பரை, பெரிய நிலச்சொந்தக்காரர். கத்தோலிக்கர் டப்ளின் பாராளுமன்றத்துக்குள் காலெடுத்து வைக்கவே முடியாத காலத்தில், இவர் அவர்களுக்காக வருடக்கணக்காகத் தனியே எழும்பி நின்று பேசியிருக்கிறார். வாசிக்கும்போதெல்லாம் நீங்கள் கொழும்புப் பாராளுமன்றத்தில் எங்கள் சனத்துக்காக எழும்பி நிற்பதுதான் கண்ணில் வருகிறது.

உங்கள் மகள்
பவளம்

யாழ்ப்பாணம்
9.4.1972

அன்பு மகள் பவளத்துக்கு,

உன் பிரபுவை எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த மனுசனும் உங்களைப்போல வீட்டில நிண்டிருக்க மாட்டார்" என்றா.

இங்கே நிலைமை சரியில்லை. சுவரொட்டி ஒட்டியதற்காகச் சிவனேஸ்வரியின் மகன் சிறிதரனையும் இன்னும் சில பொடியன்களையும் பொலிஸ் பிடித்துப்போய்விட்டது. உன் பின்னால் தம்பி மாதிரித் திரிந்தவன். தாய் தினமும் எங்கள் வாசலில் வந்து இருக்கிறா. கொழும்பு போய் மந்திரிமாரைக் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

குளிருக்குக் கம்பளி போடு. உன் கடிதங்கள் வரவரச் சின்னதாகின்றன. பிரபுவின் முடிவை எழுது.

அன்பு ஐயா
கல்யாணசுந்தரம்

பரமட்டா
18.6.1972

ஐயா,

யோகா அக்காவுக்கு வந்த பத்திரிகையில் பார்த்தேன். எங்கள் சனம் எதிர்த்த சட்டத்துக்கு நீங்கள் கையுயர்த்தியிருக்கிறீர்கள். "இது உன்ர ஐயாவோ?" என்று அக்கா கேட்டா. "ஓம்" என்றுவிட்டு எழும்பிப் போனேன்.

பிரபுவின் முடிவைக் கேட்டீர்கள். 1800ஆம் ஆண்டு, அந்தப் பாராளுமன்றத்தையே மூடி இங்கிலாந்தோடு சேர்க்கும் சட்டத்துக்கு அவர் வாக்களித்தார். உடனே பெரிய பட்டம் கிடைத்தது. ஊர்ச்சனம் அவர் வண்டிக்குக் கல்லெறிந்தது. மகள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அவள் செய்தது சரி என்றுதான் ஆராய்ச்சியில் எழுதப்போகிறேன்.

உங்களுக்கு என்ன தந்தார்கள்?

பவளம்

பரமட்டா
3.9.1972

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

நூலகத்தில் லண்டன் சபை விவாதங்களைத் தேடி எடுத்தேன். பட்டம் பெற்ற பிறகு பிரபு அங்கே எழும்பி நின்று, "நாங்கள் வாக்களித்தால் கத்தோலிக்கருக்குச் சபைக் கதவு திறக்கும் என்றீர்களே, எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கதவு திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

மேசையிலேயே அழுதுவிட்டேன், ஐயா. சிறிதரனை விடுவோம் என்று சொன்னார்களா? அதற்காகவா?

நான் எழுதியதைக் கிழித்தெறியுங்கள். டிசம்பரில் வருகிறேன்.

உங்கள் மகள்
பவளம்

யாழ்ப்பாணம்
1.10.1972

மகள் பவளத்துக்கு,

ஓம், சொன்னார்கள். "நீங்கள் கையைத் தூக்குங்கோ, அடுத்த கிழமை பொடியள் வீட்ட நிப்பாங்கள்" என்றார்கள். பொடியன்கள் இன்னும் உள்ளேதான். பதவியை விட்டுவிட்டேன். சிவனேஸ்வரியிடம் போனேன். "ஏன் வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டா. வாசலோடு திரும்பினேன்.

ஊர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, தீர்ப்புத்தான் சொன்னது. அதைத் தாங்கிக்கொண்டேன். உன் ஜூன் மாதக் கடிதத்தைப் பிரிக்கும்போது, நீ ஒருத்தியாவது "ஏன் ஐயா?" என்று கேட்டிருப்பாய் என்று நம்பித்தான் பிரித்தேன்.

உன்னில் கோபமில்லை, பிள்ளை. படிப்பை முடி. ஆனால் டிசம்பரில் வரவேண்டாம். நீ வந்தால் நான் பேசவேண்டி வரும். அதற்கு என்னிடம் இப்போது பலமில்லை.

கல்யாணசுந்தரம்