பன்னிரண்டாம் பகுதிக்குப் பிறகு

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேலே விலாசம் எழுதியது சின்னவள். அவளுடைய கையெழுத்து என்று நம்பித்தான் பிரித்திருப்பாய். உள்ளே என் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் மூடி வைத்துவிடாதே. உன் விலாசத்தை அவளிடமிருந்து வாங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அண்ணனைத் திட்டி எழுத மாட்டேன்னு சொல்லுங்க, அப்பதான் தருவேன்" என்று கறாராக நின்றாள். சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அம்மாவும் தங்கையும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

எனக்கு மட்டும் ஒரு சின்ன விபத்து. பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது. முப்பது வருஷமாக லிஃப்ட் போகிற குழிக்குள் தலைகீழாகத் தொங்கி வேலை பார்த்தவன், வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்தேன். வலது கணுக்காலில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. "பன்னிரண்டு மாடியில இருந்து விழாத மனுஷன் பன்னிரண்டு அங்குலத்துல இருந்து விழுந்துட்டார்" என்று உன் அம்மா தெரு முழுக்க ஒலிபரப்பிவிட்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் முதலில் சிரித்துவிட்டுத்தான் நலம் விசாரித்தார்கள்.

ஆறு வாரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? முதல் வாரம் செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படித்தேன். இரண்டாவது வாரம் உன் அம்மா சமைப்பதில் குறை சொல்ல ஆரம்பித்தேன். அவள் கரண்டியோடு வந்து நின்று, சின்னவளிடம், "இவரை எதையாவது காட்டி உட்கார வை, இல்லைன்னா இன்னொரு காலுக்கும் கட்டுப் போட வேண்டி வரும்" என்றாள். சின்னவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அந்த ஜப்பான்காரர்கள் வரைந்த படத்தொடரைப் போட்டாள். விண்வெளிப் பயிற்சிப் பள்ளி என்று வருமே, அதுதான். அது உனக்குத் தெரிந்த தொடர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தினமும் அவள் பள்ளி விட்டு வந்ததும் ஒரு பகுதி. முதல் நாள் நான் பண்ணாத கேலி இல்லை. ஒவ்வொரு கண்ணும் சாப்பாட்டுத் தட்டு அகலம், ஒருத்தனுக்கு முடி கத்தரிப்பூ நிறம், பதினாறு வயசுப் பிள்ளைகள் கையில் ராக்கெட்டு. "இந்தப் பள்ளிக்கூடத்துல எவனாவது பாடம் படிக்கிறானா?" என்று கேட்டேன். மூன்றாம் பகுதிக்கெல்லாம் வாயை மூடிவிட்டேன். ஐந்தாம் பகுதிக்கு, அவள் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் வருகிற ஆறு பிள்ளைகளும் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். அவர்கள் பெயரெல்லாம் என் நாக்கில் நிற்காது என்பதால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். கதாநாயகன் கத்தரிப்பூ. அவனோடு ஒரே அறையில் இருப்பவன் லொடலொடா, வாயை மூடவே மாட்டான். எனக்கு அவனைத்தான் ரொம்பப் பிடித்தது. பரீட்சையில் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டே வாத்தியாரம்மாவையும் சிரிக்க வைத்துவிடுவான். கடைசியில் இவன்தான் எல்லாரையும் காப்பாற்றப் போகிறான் என்று நான் அடித்துச் சொன்னேன். சின்னவள் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினாள்.

பன்னிரண்டாம் பகுதி வந்தது. சண்டை இல்லை, எதிரி இல்லை. கப்பலுக்கு வெளியே போய்த் திரும்புகிற சாதாரணப் பயிற்சி. அதற்கு முன்னால் பத்துத் தடவை செய்து காட்டியதுதான். கதவில் ஒரு கொக்கி சரியாக விழவில்லை, அவ்வளவுதான். பேசிக்கொண்டே இருந்த லொடலொடா பாதி வார்த்தையில் நின்றுபோனான். பாட்டு இல்லை, அழுகை இல்லை. அடுத்த காட்சியில் கத்தரிப்பூ அறையில் உட்கார்ந்து, செத்தவனுடைய போர்வையை மடித்துப் பெட்டியில் வைக்கிறான். மடிப்பு கோணலாக வருகிறது. பிரித்து மறுபடியும் மடிக்கிறான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எவன்யா இதை எழுதினவன்? சிரிக்கச் சிரிக்கக் கூட்டிட்டு வந்து நடுவழியில இப்படியா பண்ணுவான்?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். சின்னவள் படத்தை நிறுத்தினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. "அண்ணனும் இந்த இடத்துலதான்பா எழுந்து மாடிக்குப் போனான்" என்றாள். நீ கப்பல் கல்லூரியை விட்டு வந்து வீட்டில் இருந்த பதினொரு நாளில் நீங்கள் இரண்டு பேரும் இதைப் பார்த்தீர்களாம். அதற்கப்புறம் நீ பார்க்கவே இல்லையாம். ஏன் என்று கேட்டேன்.

"கல்லூரியில செத்தது ரேடியோ அண்ணன்தான்பா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. ரேடியோ என்று நீங்கள் பட்டப்பெயர் வைத்த உன் நண்பன் எப்படிச் சாவான்? நீ ஃபோன் பண்ணும்போதெல்லாம் பின்னால் இருந்து குரல் கொடுப்பானே. ஒரு தடவை உன்னிடமிருந்து ஃபோனைப் பிடுங்கி உன் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினானே, வைத்த பிறகு அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே. கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் வேறு ஏதோ முழுப் பெயர் இருந்தது. உயிர்காப்புப் படகுப் பயிற்சியில் ஒரு மாணவர் இறந்துவிட்டார், மூன்று வாரம் விடுமுறை என்று இருந்தது. யாரோ ஒருவன் என்று நினைத்துக்கொண்டேன். நீ வாசலில் வந்து நின்று "நான் திரும்பப் போகலைப்பா" என்று சொன்னபோது, செத்தது யார் என்று நான் கேட்கவில்லை. "ஒருத்தன் செத்தா ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கடலை விட்டு ஓடிடுவானா?" என்றேன். பயந்தாங்கொள்ளி என்றேன். பதினொரு நாளும் ஏதாவது ஒரு விதத்தில் அதையே சொன்னேன். கடைசியில் வீட்டை விட்டுப் போ என்றும் சொன்னேன், நீ போய்விட்டாய்.

உன் அம்மா சமையலறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. வந்தவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்தப் பிள்ளை ஏன் இப்பல்லாம் பேசறதில்லைன்னு நான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை எழுத எனக்குத் தைரியம் வர இரண்டு நாள் ஆயிற்று. நீ ஒன்றாம் வகுப்புப் படித்தபோது நான் ஒரு மாசம் வீட்டில் இருந்தேன். உன்னைத் தினமும் நானே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கூட்டிவந்தேன். அப்பாவுக்கு லீவு என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். அது லீவு இல்லை. என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவர் லிஃப்ட் திடீரென்று நகர்ந்ததில் என் கண் முன்னால் குழிக்குள் விழுந்து இறந்துவிட்டார். மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அதற்கப்புறம் லிஃப்ட் கதவைத் திறந்தாலே நான் பின்வாங்கிவிடுவேன். உன் அம்மா மேற்பார்வையாளரிடம் எனக்கு மஞ்சள் காமாலை என்று பொய் சொன்னாள். அவர் வீட்டுக்கு வந்து என் கண்ணைப் பார்த்தார். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. தேநீர் குடித்துவிட்டு, "காமாலை முழுசாத் தீரட்டும், அப்புறம் வா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த அந்த ஒரு வாய்ச்சொல்லை நான் உனக்குத் தரவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்த மறுநாளே, கைத்தடியோடு, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரேடியோ வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். விலாசம் உன் பழைய நோட்டில் இருந்தது. அவன் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார் என்று நீ எழுதியிருந்தாய். இரண்டே நாற்காலி, ஒரு நீளமான கண்ணாடி. கண்ணாடி ஓரத்தில் அவன் படம் சொருகியிருந்தது. சீருடையில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. நான் யார் என்று சொன்னதும் அவர் வாடிக்கையாளரைப் பாதி முகச் சவரத்தில் உட்கார வைத்துவிட்டு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நீ அவர்கள் வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தாய் என்பது அங்கேதான் தெரிந்தது. அன்றைக்குப் கம்பியில் தொங்கவிட்டு இறக்குகிற படகில் முன்பக்கக் கொக்கி அருகே நிற்க வேண்டியது உன் முறை, காது வலி என்று நீ மருத்துவ அறைக்குப் போனதால் அவன் உன் இடத்தில் ஏறினான், தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே கொக்கி கழன்று படகு விழுந்துவிட்டது என்று நீயே அவர்களிடம் சொன்னாயாம். கேட்காமலேயே சொன்னாயாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அடி விழும் என்று காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாயாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை சார். பையன் தலை காடா வளர்ந்து கிடந்துச்சு. இதோ இந்த நாற்காலியில உட்கார வெச்சு முடி வெட்டி விட்டேன். எனக்குத் தெரிஞ்சது அதுதானே."

அந்த வெட்டிய தலையோடுதான் நீ நம் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "மொட்டை மாதிரி ஒட்ட வெட்டிட்டு எங்கே ஊர் சுத்திட்டு வர்றே?" என்று நான் கேட்டேன்.

அவனுடைய அம்மா உன் அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் வெகு நேரம் வெளியே வரவில்லை. மாசம் தவறாமல் நீ அவர்களுக்கு ஃபோன் பண்ணுகிறாயாம், போன மாசம் அந்தம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று இரண்டு தடவை பேசினாயாம். "உங்க பிள்ளைகிட்ட நானும் நிறையச் சொல்லிட்டேன். தப்பு அவன் மேல இல்லைன்னு. கேட்டுக்கறான், ஆனா ஏத்துக்க மாட்டேங்கறான். நீங்க சொன்னா ஏத்துப்பான்" என்று அந்தம்மா சொன்னதாக உன் அம்மா பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னாள். 

கிளம்பும்போது அவர் என்னையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், விடவில்லை. கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. "உங்க பையன் இப்ப நல்லா இருக்கானா?" என்று கேட்டார். பெற்றவன் நான். பிள்ளையைப் பறிகொடுத்தவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. "குனிங்க" என்று சொல்லி என் பின்கழுத்தைச் சரி செய்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தொடரின் மீதிப் பன்னிரண்டு பகுதிகளையும் திரும்பி வந்த பிறகு சின்னவளோடு பார்த்தேன். நீ பார்க்காததால் ஒரு வரி மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடக் கதை என்று எழுத ஆரம்பித்தவன், பள்ளியை விட்டு வெளியே போன கத்தரிப்பூ பின்னாலேயே கதையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கத்தரிப்பூ திரும்பி வந்து கேப்டன் ஆவான் என்று கடைசி வரை காத்திருந்தேன். ஆகவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். சின்னவள் என்னைப் பார்த்து, "ஏன்பா ஆகணும்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஆக வேண்டியதில்லை.

நீயும் கடலுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுத வரவில்லை. நீ இப்போது பார்க்கிற கிடங்கு வேலை பிடித்திருந்தால் அதையே பார். பிடிக்கவில்லை என்றால் வேறு பார். உனக்கு என்ன முடியுமோ அதைச் செய்.

படகு விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். அப்பாவாகச் சொல்லவில்லை, முப்பது வருஷ மெக்கானிக்காகச் சொல்கிறேன். பாரம் தாங்குகிற கொக்கி, பாரம் இருக்கும்போதே தானாகத் திறந்துகொண்டது என்றால், அதைச் சோதித்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவனைத்தான் கேட்க வேண்டும். நின்றவனையும் கேட்கக் கூடாது, நிற்காதவனையும் கேட்கக் கூடாது. காது வலித்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். நீ போனாய். அதில் ஒரு தப்பும் இல்லை.

வீட்டுக்கு வா என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். உன் அம்மா படித்துவிட்டு, "போன்னு சொன்னவர் உட்கார்ந்த இடத்துல இருந்தே வான்னு சொன்னா ஆச்சா?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. அதனால் நானே வருகிறேன். வரும் பதினேழாம் தேதி காலை ரயில். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் அறை மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது என்று சின்னவள் பயமுறுத்துகிறாள். மெதுவாக ஏறிக்கொள்வேன். அம்மா உனக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தனுப்புகிறாள். அளவு தெரியாமல் பழைய சட்டையை வைத்துப் பின்னியிருக்கிறாள், சிறுசாகிப் போயிருந்தால் அவளிடம் சொல்லிவிடாதே.

கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். திறக்கவில்லை என்றாலும் எனக்குக் கோபம் இல்லை. படியில் உட்கார்ந்திருப்பேன், நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன். திறந்தால், எனக்கு நீ எதையும் நிரூபிக்க வேண்டாம், மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாம். மன்னிப்பு கேட்க வேண்டியவன் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில்தான் நிற்பான். ரேடியோவைப் பற்றி மட்டும் சொல். அவன் எப்படிச் சிரிப்பான், என்ன பாட்டுப் பாடுவான், உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவான், எல்லாம். எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்கிறேன்.

நல்லா இருப்பா. வேளைக்குச் சாப்பிடு.

உன் வரவேற்பை எதிர்பார்க்காமல், உன்னை மட்டும் எதிர்பார்த்து,
அப்பா