கிளிக்குக் கண் வைத்தது யார்

இன்று காலை வாவிக்கரைக் காட்சிசாலைக்குள் போனவர்கள் மூன்று பேர்: என் வீட்டுக்காரர், அவர் தங்கை காமாட்சி, நான். வாசலில் காவற்காரர் ஒருவர். வெளியே வரும்போது, அக்கா, நீயும் கூட வந்தாய். உன்னையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தந்தப் பெட்டி, வெள்ளிக் கிண்ணம், உட்காரச் செதுக்கிய கதிரை என்று கைவேலைப் பொருள்களை ஒரு துரை சேர்த்து வைத்திருக்கிறார். கடைசிக் கண்ணாடி அலுமாரியில் ஒரு பித்தளைச் செம்பு. அதன் கழுத்துக்குக் கீழே, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய கிளி. வால் கோணல். உன் கைதான்.

"செம்பப் பாக்கவா வந்தே? நம்ம வீட்டுல நாலு கெடக்கு, அதுக்கும் கண்ணாடி போடவா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் கண்ணாடியில் கை வைத்துக் குனிந்து பார்த்தேன்.

தோட்ட வேலைக்குத் தோணியில் வந்து மன்னாரில் இறங்கி நடந்த காட்டுவழியில், செம்பு யாருடையதோடும் மாறிவிடக் கூடாதென்று ஒரு பாறையில் உட்கார்ந்து குத்தினாயே. கண் மட்டும் வைக்கவில்லை. கேட்டதற்கு, "காப்பித் தோட்டம் போய்ச் சேந்ததும் வைக்கிறேன்டி. இப்பவே வச்சா இந்தக் காட்டப் பாத்துட்டுப் பறந்துரும்" என்றாய்.

மாத்தளைக்கு இரண்டு நாள் நடை இருக்கையில் உனக்கு வாந்திபேதி கண்டது. மரத்தடியில் கிடத்தினோம். எங்களைக் கூட்டி வந்த கங்காணி தள்ளி நின்றே, "மூச்சு நின்னுருச்சு, நடங்க நடங்க" என்றார். செம்பில் தண்ணீர் நிரப்பி உன் தலைமாட்டில் வைத்தேன். மூக்கருகே விரல் வைத்துப் பார்க்காமலே நடந்துவிட்டேன். மூச்சு பட்டுவிட்டால் உன்னைச் சுமக்க வேண்டும், எனக்குத் தெம்பில்லை. இதை நான் எந்தச் சாமியிடமும் சொன்னதில்லை.

அன்றுமுதல் ஆடி அமாவாசை தவறாமல் உனக்கு இலை போட்டுப் படைக்கிறேன்.

இன்று அந்தக் கிளிக்குக் கண் இருக்கிறது. மற்றப் புள்ளிகளைவிட ஆழமாக, ஒரே குத்து.

"அம்மா, கண்ணாடியில கைய வைக்காதீங்க" என்றார் வாசலிலிருந்து எழுந்து வந்த காவற்காரர். இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? சாக்கு சாக்கா கொண்டாந்து துரைக்கு விப்பாங்க."

நீயா வைத்தாய்? தோட்டம் வந்து சேர்ந்தாயா? உயிரோடு இருந்தவளுக்கா இத்தனை வருஷம் சோறு படைத்தேன்? அன்று நீட்டாமல் மடக்கிய விரல் இன்னும் மடங்கியபடியேதான் இருக்கிறது.

உனக்கு எழுத்துத் தெரியாது. அப்போது எனக்கும் தெரியாது. பொட்டலத் தாள்களைப் பார்த்து நானாகக் கற்றேன். அதனால் விளக்கேற்றி இதைச் சத்தமாக வாசிக்கிறேன். அமாவாசைக்கு இன்னும் நான்கு நாள். இலை போடவா, வேண்டாமா? கனவிலாவது வந்து சீக்கிரம் சொல்.